டேலி ஆனவர்கள் உட்காரலாம்

அழைப்பிதழ் வழவழப்பான தாளில் வந்திருக்கிறது. நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த காரைக்கால் கல்லூரியின் வணிகவியல் துறை ஒரு பயிலரங்கம் நடத்துகிறதாம். தலைப்பு, ‘கணக்கியல் மாணவர்களுக்கு அதிகாரமளித்தல்’. அளிப்பதற்கு அது என்ன, நம் வீட்டில் காய்ச்சி வைத்த பாயசமா?

அழைப்பைக் கொண்டு வந்த இளம் விரிவுரையாளர் நல்ல பிள்ளை. காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

“மூத்தவங்கங்கற முறையில நீங்க பத்து நிமிசம் பேசணும் மேடம். அந்தக் காலத்துல எவ்வளவு அழகா சொல்லிக் கொடுத்தீங்கன்னு இனிமையா நாலு நினைவு சொன்னீங்கன்னா போதும்.”

“இனிமையா என்கிட்ட ஒண்ணும் இல்லையே தம்பி. கோபமாத்தான் இருக்கு.”

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். “அப்போ விழா மலருக்கு எழுதிக் குடுத்துடுங்க மேடம்” என்றார். எழுதுகிறேன். போடுவதும் போடாமல் விடுவதும் அவர்கள் பாடு.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா மேரியில், அதாவது ஊரில் நாங்கள் இன்னும் பிரெஞ்சுப் பெயராலேயே சொல்லும் நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தா. எண்களோடு மல்லுக்கட்டுகிறவர் மகள் எண்களையே படிக்கட்டும் என்று திருச்சிக்கு அனுப்பினார். எம்.காம். முடித்து எழுபதுகளின் நடுவில் ஊருக்கே திரும்பி விரிவுரையாளராகச் சேர்ந்தேன். துறையில் நான்கு ஆண்கள், நான் ஒருத்தி. என்னைத் தவிர எல்லாருக்கும் சாய்வு நாற்காலி இருந்தது.

கணக்கின் இரண்டு பக்கமும் ஒத்து வந்தால் டேலி. எங்கள் துறைத்தலைவரை மாணவர்கள் டேலி சார் என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள், அவருக்கும் அதில் பெருமைதான். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்ற மாட்டார். கையில் ஒரு நீள நோட்டு, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, குறுக்கே நூல் கட்டியது. இருபது வருடமாகச் சேர்த்த கணக்குகளும் விடைகளும் அதில் இருந்தன. அந்த நூலை அவிழ்க்கும்போது வகுப்பு மூச்சை அடக்கிக்கொள்ளும். வாசலில் நின்று பார்த்த நான்கூட அடக்கிக்கொண்டதுண்டு.

அவர் பாடம் நடத்தும் விதத்தை நான் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் கணக்கைச் சொல்லச் சொல்ல எல்லாரும் எழுதுவார்கள். பிறகு, “எல்லாரும் எழுந்திரு.” நாற்பத்திரண்டு பேரும் எழுந்து, இடது முழங்கையில் நோட்டைத் தாங்கிக்கொண்டு, நின்றபடியே கணக்குப் போட வேண்டும். முதலில் முடித்தவன் ஐந்தொகை என்கிற பாலன்ஸ் ஷீட்டின் மொத்தத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த வயதில் நன்றாகக் கத்தத் தெரிந்தவன் யாராவது ஒருவன், “சார், அறுபத்தெட்டாயிரத்து முன்னூத்தம்பது!” என்பான். சார் நீள நோட்டைப் பார்ப்பார். தலையை ஒரு அங்குலம் அசைப்பார்.

“டேலி ஆனவங்க உட்காரலாம்.”

அவ்வளவுதான். விடை இப்போது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் உட்காருவார்கள், இரண்டாவது நிமிடத்தில் இருபது பேர். எவன் நோட்டையும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் அறுபத்தெட்டாயிரத்து முன்னூற்றைம்பது என்று எழுதி, அடியில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டவனெல்லாம் டேலி. கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று அப்பாவிகளைப் பார்த்துச் சொல்வார்: “என்ன இடிக்குது? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துல போடு. உட்காரு.”

அனாமத்து என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கில் இரண்டு பக்கமும் ஒத்து வராதபோது, பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் இடம். கண்டுபிடிக்கும் வரைக்கும்! இந்த இரண்டு சொல்லை எங்கள் கல்லூரியில் யாரும் உச்சரித்ததில்லை. எங்களுக்கு அனாமத்து குப்பைத்தொட்டி.

நேர்மையாகப் போட்டுப் பார்த்து, விடை வரவில்லை என்று நின்றவனுக்குக் கால் வலி. பக்கத்து நோட்டைப் பார்த்து எண்ணை மாற்றியவனுக்கு நாற்காலி. நெரவியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு, சனீஸ்வரனைப் பார்க்கப் போகிற கூட்டத்தை எதிர்த்துத் திருநள்ளாற்றிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? கணக்கு என்றால் மேலே இருப்பவர் வைத்திருக்கும் எண்ணுக்குத் தகுந்தபடி கீழே இருப்பதை வளைப்பது என்று நாங்கள் சொல்லிக் கொடுத்தோம். பிறகு, இவர்களுக்குத் தன்னம்பிக்கை இல்லையே என்று ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே அங்கலாய்த்தோம்.

நாங்கள் என்றுதான் எழுதுகிறேன். சேர்ந்த மூன்றாவது மாதம் நானும் “எல்லாரும் எழுந்திரு” சொல்ல ஆரம்பித்துவிட்டேன். சுலபமாக இருந்தது. இதை மறைத்தால் இந்தக் கட்டுரையும் அனாமத்தில் போட்டு முடித்த கணக்குத்தான்.

எழுபதுகளின் கடைசியில், முதலாம் ஆண்டு பி.காம். வகுப்பில் ஆறு பெண்கள். அதில் ஒருத்தி ஹமீதா. அவளுடைய வாப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார், ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். அவர் இல்லாதபோது குடும்பத்தில் செல்வது அவருடைய அண்ணன், பெரிய வாப்பாவின் சொல். அவர் ஒரே ஒரு நிபந்தனையோடு இவளைக் கல்லூரிக்கு விட்டிருந்தார்: ஒரு வருடம் தவறினாலும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சேர்ந்த அன்றே என்னிடம் சொல்லிவிட்டாள், ஏதோ வீட்டு விலாசம் சொல்வதுபோல.

நான் அனாமத்துக் கணக்கு நடத்திய அன்று அவள் கையைத் தூக்கினாள்.

“மேடம், அனாமத்துன்னா எங்க வீட்டுல சொல்ற அமானத்தா?”

வகுப்பு சிரித்தது. அது என்ன என்று கேட்டேன்.

“நம்பிக் குடுத்து வைக்கிறது மேடம். எங்க தெருவுல சபுராளி போற ஆம்பளைங்க வீட்டு நகை, பத்திரம், பெட்டிச் சாவி எல்லாம் எங்க உம்மாகிட்டதான் இருக்கும். எது யாருதுன்னு ஒரு நோட்டு வச்சிருக்காங்க. அமானத்துன்னா அடுத்தவங்க பொருள். உரியவங்க வர்ற வரைக்கும் தொடக் கூடாது. ஒரு மோதிரம் கூடுதலா இருந்தாக்கூட யாருதுன்னு தெரியாம உம்மா சோறு திங்க மாட்டாங்க.”

சபுராளி என்றால் கடல் கடந்து பிழைக்கப் போனவர். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, நான் குப்பைத்தொட்டியாக நடத்திக்கொண்டிருந்த சொல்லுக்கு அவள் வீட்டில் அப்படி ஒரு மரியாதை இருக்கிறது என்பது. இரண்டும் ஒரே சொல்தான் என்று பிற்பாடு ஒரு அரபி படித்தவர் எனக்கு உறுதிசெய்தார். அன்றைக்கு நான் சொன்னது என்ன தெரியுமா? “சரி சரி, உக்காரு. பாடத்துக்கு வா.” வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்திருந்தேன்.

மார்ச் மாதம் மாதிரித் தேர்வு வந்தது. துறைத்தலைவர் வைத்திருந்த சட்டம் இது: ஐந்தாம் கேள்வி இறுதிக் கணக்கு, கட்டாயக் கேள்வி, இருபது மதிப்பெண். அது டேலி ஆகாவிட்டால் மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தோல்வி. மாதிரித் தேர்வில் தோற்றவருக்குப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. நீள நோட்டில் இருந்தது, போதாதா?

தாள்களைத் திருத்தியது நான். எப்படித் திருத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் கேள்வியின் கடைசி வரிக்குப் போவேன். வகுப்பில் போட்ட அதே கணக்கு, அதே அறுபத்தெட்டாயிரத்து முன்னூற்றைம்பது இருக்கிறதா? இருபது. அடுத்த தாள். ஒரே மத்தியானத்தில் நாற்பத்திரண்டையும் முடித்தேன். நாற்பத்தொரு பேர் டேலி. ஹமீதாவின் தாளில் மட்டும் சொத்துப் பக்கம் தொள்ளாயிரம் ரூபாய் அதிகமாக நின்றது. அடியில் பென்சிலில் ஏதோ ஒரு வரி எழுதியிருந்தாள். நான் அதைப் படிக்கவில்லை. நான்கு மதிப்பெண் போட்டேன்.

மறுநாள் துறை அறைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

“மேடம், நான் எழுதுன வரியப் படிச்சீங்களா?”

“என்ன வரி?”

“கேள்வியிலயே தப்பு இருக்கு மேடம். நான் நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

அலுப்போடுதான் தாளை எடுத்தேன். பென்சில் வரி இப்படி இருந்தது: ‘வித்தியாசம் 900. ஒன்பதால் வகுபடுகிறது. ஏதோ ஒரு எண்ணில் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்.’ வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் மாறி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கர்களின் பழைய சூத்திரம். வருட ஆரம்பத்தில் நான்தான் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி அதை எடுத்து வைத்திருந்தாள்.

கேள்வித்தாளை எடுத்தேன். ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து உருட்டிய தாள். சம்பளம் 5,400 என்று இருந்தது. பெட்டியிலிருந்த பழைய கேள்வித்தாளில் அதே கணக்கைத் தேடினேன். 4,500. அந்தக் கணக்கு டேலி ஆகாது. ஆகவே முடியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேலி ஆகவே முடியாத கணக்கை நாற்பத்தொரு பேர் டேலி செய்திருக்கிறார்கள்!

கட்டை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். சிலர் நோட்டில் மனப்பாடம் செய்தபடி 4,500 என்றே எழுதியிருந்தார்கள், கேள்வியைப் படிக்கவே இல்லை. பாதிப் பேர் 5,400 என்று எழுதிவிட்டு, கூட்டும்போது 4,500ஆகக் கூட்டியிருந்தார்கள். கண் ஒன்றைப் பார்க்கிறது, கை வேறொன்றைக் கூட்டுகிறது. இரண்டு பேர் அனாமத்து 900 என்று எழுதி முடித்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு இரட்டைக் கோடு. அதற்குப் பக்கத்தில் என் கையால் இருபது, இருபது, இருபது. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

துறைத்தலைவரிடம் இரண்டு கேள்வித்தாள்களையும் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றி மேசையில் வைத்தார்.

“டைப்பிங் மிஸ்டேக். இதுக்கு என்னம்மா இப்போ?”

“ஹமீதா போட்டதுதான் சார் சரி.”

“டேலி ஆகலையேம்மா.”

“ஆகாது சார். கேள்வி தப்பு.”

“மத்த நாப்பத்தோரு பேருக்கு ஆச்சே?”

“அதான் சார் கேக்குறேன். எப்படி ஆச்சு?”

“நான் சொல்லிக் குடுத்த லட்சணம். அதனால ஆச்சு.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. உண்மையிலேயே பெருமையாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இடிக்குதுன்னு தெரிஞ்சா அனாமத்துல போட்டு முடிச்சிருக்கணும். வித்தியாசத்தோட பேப்பர் குடுக்குறதுக்கு ஒரு துணிச்சல் வேணும். அது திமிரும்மா. மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்க. ஹால் டிக்கெட்டப் பத்தி அப்புறம் பாக்கலாம்.”

நான் அவரிடம் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. “சரி சார்” என்று வெளியே வந்தேன். வந்து ஹமீதாவிடம், “எழுதிக் குடுத்துடும்மா. ரெண்டு வரிதானே. உனக்கு வருசம் முக்கியம்” என்றேன். பெரிய வாப்பாவின் நிபந்தனையை நானே அவளுக்கு ஞாபகப்படுத்தினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கோடு போட்ட தாளை நான்காக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் இருந்தது முழுக்க இவ்வளவுதான்:

‘துறைத்தலைவர் அவர்களுக்கு. மாதிரித் தேர்வு ஐந்தாம் கேள்வியில் ரூபாய் தொள்ளாயிரம் வித்தியாசம் உள்ளது. அது என்னுடையது அல்ல. கேள்வித்தாளுடையது. ஆகையால் அதை அனாமத்தில் போடவில்லை. அமானத்தாக வைத்திருக்கிறேன். உரியவர் வந்து வாங்கிக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினெட்டு வயதுப் பெண். வருடம் போய்விடும் என்று தெரியும். எழுத்தில் ஒரு கோணல் இல்லை. கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் மணி என்னுடையது. உள்ளே போனதும் சொன்னேன்: “அஞ்சாம் கேள்வி டேலி ஆனவங்க எல்லாரும் எழுந்திருங்க.”

குழம்பினார்கள். டேலி ஆனால் உட்காருவதுதானே அங்கே வழக்கம். தயங்கித் தயங்கி நாற்பத்தொரு பேர் எழுந்தார்கள். ஹமீதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திருநள்ளாற்றுப் பையன் செல்வம்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். எப்போதும் முதலில் கத்துகிறவனும் அவன்தான். அவனைக் கூப்பிட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்து, கரும்பலகையில் போடச் சொன்னேன். வேகமாகத்தான் ஆரம்பித்தான். சம்பளம் ஐயாயிரத்து நானூறு என்று வாய்விட்டுப் படித்தபடியே எழுதினான். கடைசி வரியில் சாக்பீஸ் நின்றது. அழித்தான், மறுபடி கூட்டினான். மறுபடி அழித்தான்.

“வரல மேடம்.”

“எவ்வளவு இடிக்குது?”

“தொள்ளாயிரம்.”

“பரீட்சையில வந்துச்சே? எப்படி வந்துச்சு?”

அவன் கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னான். “அறுபத்தெட்டாயிரத்து முன்னூத்தம்பது வரணும்னு தெரியும் மேடம். அதான் வர வச்சேன்.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். “அதுக்கு இருபது மார்க் போட்டவ நான்தான்” என்று சொல்லி, அவர்களோடு நின்றேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. துறைத்தலைவர்.

“ஸ்டெல்லாம்மா, என்ன நடக்குது இங்க?”

“டேலி பாக்குறோம் சார்.”

அவர் கரும்பலகையைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த நாற்பத்தொரு பேரையும் பார்த்தார். நேராக முதல்வர் அறைக்குப் போய்விட்டார்.

முதல்வர் சச்சரவு பிடிக்காத மனிதர். பாம்பும் சாகக் கூடாது, கோலும் முறியக் கூடாது அவருக்கு. அந்தப் பெண்ணுக்கு ஹால் டிக்கெட் கொடுத்துவிடுவது, இந்தப் பேச்சை யாரும் இனி எடுக்கக் கூடாது என்று முடித்தார். கேள்வி தவறு என்று எங்கேயும் எழுதவில்லை. நான் மதிப்பெண் பதிவேட்டில், கணக்கில் எப்படித் திருத்த வேண்டுமோ அப்படி, நான்கை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பரிசாக அடுத்த ஐந்து வருடம் எனக்குக் கணக்கியல் பாடமே இல்லை. வணிகக் கடிதம் எழுதுவது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தேன். “எல்லாரும் எழுந்திரு” மட்டும் நிற்கவில்லை. அடுத்த வருடமும் அதே நூல் அவிழ்ந்தது, அதே அறுபத்தெட்டாயிரத்து முன்னூற்றைம்பது.

ஹமீதா மூன்று வருடத்தையும் முடித்தாள். கடைசி நாள் விடைபெற வந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

“மேடம், அந்த லெட்டரக் குடுத்தீங்களா?”

“குடுத்துட்டேன்மா.”

“வாங்கிக்கிட்டாங்களா?”

“வாங்கிக்கிட்டாங்க.”

அவள் முகம் தெளிந்தது. சலாம் சொல்லிவிட்டுப் போனாள். நான் கொடுக்கவில்லை. கடிதம் அப்போதும் என்னிடமே, மேசை இழுப்பறையில் இருந்தது. கொடுத்தால் தேர்வுக்கு முன் அவளுக்கு ஆபத்து என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேர்வு முடிந்த பிறகு என்ன சமாதானம்? பயம். வேறொன்றுமில்லை.

எண்பதுகளின் நடுவில் துறைத்தலைவருக்குப் பிரிவுபசார விழா நடந்தது. மாலை, பொன்னாடை, கேசரி. கடிதத்தை அன்றைக்குக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். அவர் மைக்கைப் பிடித்து, “இத்தனை வருசத்துல எல்லாரும் எனக்கு டேலி ஆயிட்டாங்க, ஸ்டெல்லாம்மா மட்டும்தான் அனாமத்து” என்றார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்தும் பல வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் அந்த இளம் விரிவுரையாளர் வகுப்பைக் காட்டக் கூட்டிப்போனார். கரும்பலகை இல்லை, திரை. கணக்கு வருகிறது. மாணவர்கள் பேனாவைத் திறப்பதற்குள் ஒரு பொத்தானைத் தட்டுகிறார், விடை பச்சையில் மின்னுகிறது. அறுபது தலைகள் குனிந்து அதை எழுதிக்கொள்கின்றன. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். “எவ்வளவு மாறிடுச்சு பாத்தீங்களா மேடம்” என்றார்.

தம்பி, பயிலரங்கத்துக்கு நான் வருகிறேன். அந்தப் பத்து நிமிடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், நான் பேச வரவில்லை. நான்காக மடித்த ஒரு தாள் இத்தனை வருடமாக என்னிடம் இருக்கிறது. விலாசம் துறைத்தலைவர் அவர்களுக்கு என்றுதான் இருக்கிறது, பெயர் போடவில்லை. இன்றைக்கு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, எழுந்து நின்று வாங்கிக்கொள்ளட்டும்.